பிராபர்ட்டி ரூமுக்குக் காற்று வந்த வருஷம்

தொண்ணூறுகளில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து காலையில் நடந்தே வந்துவிடுவேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது, யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதுதான். காக்கிச் சட்டைக்காரர் யாராவது கேள்வி கேட்டால் நான் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அதனால் அங்கே இருந்தவர்களின் முகத்தைவிட பூட்ஸ்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஸ்டேஷன் அரசாங்கம் கட்டினது இல்லை. வாடகைக்கு எடுத்த பழைய வீடு. கூடத்தில் ரைட்டர் என்கிற எழுத்து வேலை ஏட்டின் மேசை, பக்கத்து அறையில் இன்ஸ்பெக்டர், நடுவில் இருந்த முற்றத்தைக் கம்பி போட்டு அடைத்து லாக்கப். வீட்டின் கடைசியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. அதுதான் பிராபர்ட்டி ரூம். கேஸில் பிடித்த சாமான்களைக் கோர்ட் ஒரு முடிவு சொல்லும் வரை போட்டு வைக்கிற இடம். கோர்ட் சொல்லாமல் அங்கிருந்து ஒரு செருப்பைக்கூட வெளியே எறிய முடியாது. அதனால் சாமான் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெளியே வருவது அபூர்வம்.

அரிவாள், சைக்கிள் பாடி, டேப்ரெக்கார்டர், பித்தளைக் குடம், ரத்தக்கறை பட்ட சட்டை, கஞ்சா மூட்டை, சாராயக் கேன், கள்ளத்தனமாக விற்ற கெரசின் டின் என்று எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்து ஒரு சீட்டு தொங்கும். கதவைத் திறந்தால் நாற்றம் ஒரு ஆள் மாதிரி எழுந்து வந்து முகத்தில் மோதும். நான் மீன்காரி மகள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிறவள் இல்லை. எனக்கே அங்கே கண் எரியும்.

அந்த அறைக்குப் பொறுப்பாக ஒரு ஏட்டு இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அங்கே இருந்த ஒருவர் இருமல் என்று மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவர் அறைக்குள் போகாமலே இரண்டு வருஷம் ஓட்டினார். அதற்குப் பிறகு வந்தவர்தான் ஏட்டம்மா. பெண்பிள்ளை என்பதால் வெளி டூட்டி வேண்டாம், உள்ளேயே உட்காரட்டும் என்று நல்லது செய்கிற மாதிரி அந்தச் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள்.

குள்ளமான ஆள். நாற்பதைத் தாண்டியிருக்கும். நடந்தால் பூட்ஸ் சத்தம் வராது. வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றார். அந்த ஸ்டேஷனில் என்னை 'வா, போ, ஆயா' என்பார்கள். 'நீங்க' என்று சொன்ன முதல் ஆள் அவர். நான் பதில் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அதை அவர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் 'நீங்க' என்றுதான் சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். போலீஸ் குவார்ட்டர்ஸ் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மத்தியானம் ஒரு மணிக்குப் போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, சோறு ஊட்டி, வாய் துடைத்துவிட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுவார். இதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. அவர் புடவைத் தலைப்பில் ரசச் சோறு ஒட்டியிருந்த ஒரு லீவு நாளில் கோயில் வாசலில் பார்த்தபோது, நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வந்து மூன்று மாதத்தில் வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அன்றைக்கு ஒரு முறை உண்டு. பொறுப்பில் இருக்கிற ஏட்டு அறைக்குள் நின்று, ரிஜிஸ்தரைப் பிரித்து, ஒவ்வொரு நம்பராக வாய்விட்டுப் படிக்க வேண்டும். பெரிய அதிகாரி அந்தந்தச் சாமானைக் கண்ணால் பார்த்து டிக் போட வேண்டும். அதிகாரிகள் யாரும் உள்ளே போனதில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். பத்து நம்பர் படித்ததும், "சரி, சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஏட்டம்மாவால் அந்தப் பத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. ஏழாவது நம்பரில் இருமல் தொடங்கியது. எட்டில் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இழுக்கிற சத்தம் கூடத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் குரலில் கோபமும் இல்லை.

"ஏம்மா, உனக்கு இந்த வேலை ஆகாது. அடுத்த வருஷமும் இப்படித்தான்னா நான் எழுதிடுவேன். சிட்டிக்கு வெளிய எங்கயாவது நல்ல காத்து வர்ற ஸ்டேஷனாப் பாத்துப் போட்டுருவாங்க."

"சரிங்கய்யா" என்றார் ஏட்டம்மா.

நல்ல காற்று வருகிற ஸ்டேஷனிலிருந்து மத்தியானம் ஒரு மணிக்கு எப்படி வீட்டுக்கு வந்து போவது? அதைக் கேட்க அந்த இடத்தில் யாரும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரு வருஷம்.

அந்த வருஷத்தின் முதல் சில மாதங்களை நான்தான் பாழாக்கினேன். அதைச் சொல்லாமல் இதை எழுதுவது நியாயமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் முழுக்க சாம்பிராணி போடுவது என் வேலைகளில் ஒன்று. முதலில் சாமி படத்துக்கு, பிறகு இன்ஸ்பெக்டர் அறைக்கு, ரைட்டர் மேசைக்கு, லாக்கப்புக்கு. கடைசியாகப் பிராபர்ட்டி ரூமுக்கு. நாற்றம் அதிகமுள்ள இடம் என்பதால் அங்கே இன்னும் ஒரு பிடி போடச் சொல்வார் ரைட்டர். ஏட்டம்மா கதவைத் திறப்பார். நான் தூபக்காலை வாசற்படியில் வைத்து, விசிறியால் புகையை உள்ளே தள்ளுவேன். அறை வெள்ளையாகும் வரை தள்ளுவேன். புகை வீணாகப் போய்விடக் கூடாது என்று கதவைச் சட்டென்று சாத்தச் சொல்வேன். அவர் பூட்டி, பூட்டின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் மணக்கும். "ஆயா கைராசி" என்று கான்ஸ்டபிள்கள் சொல்வார்கள்.

எங்கள் குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்த குழந்தைக்கும் சாம்பிராணிதான் முதல் வைத்தியம். ஏட்டம்மாவின் மூச்சிரைப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "செவ்வாக்கெயமயும் போடட்டா?" என்று கேட்டேன்.

"போடுங்கக்கா. உங்களுக்குச் சிரமம் இல்லன்னா சரி."

எனக்கு என்ன சிரமம். கரியும் சாம்பிராணியும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தேன்.

அவர் மேசைக்கு மேல் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அதைத் தூசி தட்டும்போது சில தேதிகளில் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன். சிலவற்றில் இரண்டு கோடு. என்ன என்று கேட்டதற்கு, "மூச்சு இழுக்குற அன்னிக்குக் குறிச்சு வைக்கச் சொன்னாரு டாக்டரு. ரொம்ப இழுத்தா ரெண்டு கோடு" என்றார். அதற்குப் பிறகு தினமும் அந்தக் காலண்டரைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கோடு இல்லாத நாள் என்றால் எனக்கும் ஒரு நிம்மதி.

ஒரு நாள் மாதக் கடைசியில் தாளைக் கிழிக்கப் போனேன். தினமும் கோலம் போடுகிறவளுக்கு வரிசை தானாகக் கண்ணில் படும். கோடுகள் அங்கும் இங்கும் சிதறி இல்லை. மேலிருந்து கீழே இரண்டு வரிசையாக இறங்கியிருந்தன. புதன்கிழமை வரிசை ஒன்று. சனிக்கிழமை வரிசை ஒன்று. சனிக்கிழமையில் எல்லாம் இரண்டு கோடு.

செவ்வாய்க்கு மறுநாள் புதன். வெள்ளிக்கு மறுநாள் சனி.

காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தாளைக் கிழிக்காமல் திரும்ப மாட்டினேன். ஏட்டம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சாம்பிராணி தீர்ந்துவிட்டது என்றேன். வெள்ளிக்கிழமை மற்ற இடமெல்லாம் போட்டுவிட்டு, கரி அணைந்துவிட்டது என்று பிராபர்ட்டி ரூம் பக்கம் போகாமல் நழுவினேன். "இன்னா ஆயா, இப்பல்லாம் உனக்கு வேலைல கவனமே இல்ல" என்று ரைட்டர் சத்தம் போட்டார். போடட்டும் என்று இருந்தேன். புதனில் கோடு இல்லை. சனியில் ஒரே ஒரு கோடு. அதற்கடுத்த வாரம் இரண்டு நாளிலும் கோடு இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் போய் நின்றேன்.

"ஏட்டம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

"உங்கள இரும வச்சது நான்தாம்மா."

"என்னது?"

"சாம்பிராணி. செவ்வா வெள்ளி போட்டுக்கினு இருந்தேன். புதனும் சனியும் உங்களுக்கு கோடு கீது. ரெண்டு வாரமா போடல. கோடும் இல்ல. வேணும்னா பாருங்க."

அவர் எழுந்து காலண்டரிடம் போனார். முந்தைய மாதத் தாளைத் தூக்கிப் பிடித்து, விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். திரும்ப ஒரு தடவை இழுத்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"நாலு மாசமா ஒரு டாக்டர் பாக்குறாரு. நானும் தினம் குறிக்கிறேன். எங்க ரெண்டு பேருக்கும் தோணலியேக்கா" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

கூடத்திலிருந்து ரைட்டர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. "அப்ப ஆயா மேல ஒரு கேஸ் போட்டுரலாமா? தூபக்கால சீல் வச்சு பிராபர்ட்டியா உள்ள போட்டுரலாம்."

"உள்ள இடம் இல்ல ஏட்டையா" என்றார் ஏட்டம்மா.

பிறகு என்னிடம் திரும்பினார். "இத்தனை வருஷமா எல்லாரும் நாத்தத்துக்கு மேல போர்வை போத்திக்கிட்டே இருந்திருக்கோம். அந்துருண்டை, பினாயில், சாம்பிராணி. நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு யாருமே பாக்கல. பாப்போமாக்கா?"

என்னைக் கேட்டார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த அறைக்குள் வெளியாள் போகக் கூடாது. அதனால் இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கி, இன்னார் முன்னிலையில் இன்னார் உள்ளே போனார் என்று ஸ்டேஷன் டைரியில் என் பெயரை எழுதினார். போலீஸ் புத்தகத்தில் பெயர் ஏறுவது எங்கள் குப்பத்தில் நல்ல சங்கதி இல்லை. எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

அவர் ஒவ்வொரு மூலையாக டார்ச் அடிப்பார். நான் மூக்கால் சொல்வேன். இது கெரசின், மூடி சரியாக இல்லை. இது எலி செத்தது, பழசு. இது துணி. துணி என்றால் அலமாரி நிறையப் பாலிதீன் கவர்கள். அடிதடி, வெட்டு குத்து கேஸ்களில் பிடித்த உடுப்பை ரத்த ஈரத்தோடு அப்படியே கவரில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். கவருக்குள் வேர்த்து, கறுப்பாகப் பூசணம் பூத்து, கட்டின இடத்தில் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பொடிதான் காற்றில் இருந்தது.

அலமாரிக்கு அடியில் ஒரு மீன் வலை. கடற்கரையில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்ட கேஸில் பிடித்தது. நனைந்த வலையைச் சுருட்டி அப்படியே வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என்னை மீறி வாய் வந்துவிட்டது.

"ஈர வலைய யாராச்சும் சுருட்டி வப்பாங்களா? எங்க குப்பத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"நைலான்தானக்கா, அது அழுகுமா?"

"வலை அழுவாது. அதுல ஒட்டிக்கினு கீற பாசி அழுவும், செதிலு அழுவும். காய வச்சு ஒதறிட்டுத்தான் சுருட்டணும்."

அவர் டார்ச்சை வலையிலிருந்து அலமாரிக் கவர்கள் பக்கம் திருப்பினார். "துணிக்கும் அதேதான்" என்றார்.

அன்றிலிருந்து புதிதாகப் பிடித்து வருகிற உடுப்பு எதுவும் ஈரத்தோடு கவருக்குள் போகவில்லை. பின்பக்கம் பூட்டுப் போட்ட ஒரு சின்ன இடத்தில் கயிறு கட்டி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் நிழலில் உலர விடுவார். கீழே வெள்ளைக் காகிதம் விரிப்பார், ஏதாவது உதிர்ந்தால் அதுவும் கேஸ் சாமான் என்பார். நன்றாக உலர்ந்த பிறகுதான் பழுப்புக் காகிதக் கவரில் போட்டு முத்திரை வைப்பார். பாலிதீன் மூச்சு விடாது, காகிதம் விடும் என்று கான்ஸ்டபிள்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவர்களே காகிதக் கவர் கேட்டு வந்து நின்றார்கள்.

பழையதை என்ன செய்வது? முத்திரையை உடைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்குத்தான் மனு எழுத உட்கார்ந்தார். தீர்ப்பான கேஸ் எது, ராஜியான கேஸ் எது, ஆள் செத்துப்போன கேஸ் எது என்று பழைய புத்தகங்களைப் புரட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மனு. இதை அழிக்க உத்தரவு வேண்டும், இதை உரியவரிடம் கொடுக்க உத்தரவு வேண்டும் என்று. எத்தனை மனு என்று நான் எண்ணவில்லை. வலது கை நடுவிரலில் பேனா பிடித்த இடம் தடித்துப்போயிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் கோர்ட்டுக்குப் பஸ் ஏறுவார். அங்கே காலை முழுக்க நின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்த நாள்களில்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "இன்னிக்கு ஜட்ஜ் ஐயா வரல" என்பார். அவ்வளவுதான்.

உத்தரவுகள் ஒவ்வொன்றாக வந்தன. கெரசின் டின்கள் போயின. கஞ்சா மூட்டைகள் வண்டியேறின. சாராயத்தைக் கொட்ட உத்தரவு வந்த அன்று ஸ்டேஷனே பின்பக்கம் கூடிவிட்டது. சாட்சிகள் முன்னால் ஒவ்வொரு கேனாகத் திறந்து கால்வாயில் கொட்டினார்கள்.

"பாவம், கால்வாய் மீனெல்லாம் இன்னிக்கு ஆட்டம் போடும்" என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

"இங்க ஏது நைனா மீனு? கொசுதான் கீது. அது குடிச்சுட்டு வந்து உன்னத்தான் கடிக்கும்" என்றார் இன்னொருவர்.

வலைக்காரருக்கும் உத்தரவு போயிற்று. வந்து பார்த்தவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "யம்மா, இது எனக்கு வோணாம். நீயே வச்சுக்க."

"கோர்ட் ஆர்டர். கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போங்க" என்றார் ஏட்டம்மா.

சாமான் பாதி குறைந்தது. நாற்றமும் பாதி குறைந்தது. ஆனாலும் கால் மணி நேரம் உள்ளே நின்றால் அவருக்கு இழுத்தது. உள்ளே இருந்த காற்று வருஷக்கணக்கில் அங்கேயே இருந்த காற்று. போக வழி இல்லை.

அப்போதுதான் ஸ்டேஷன் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். மாட வீதிப் பக்கம் குடியிருந்த பெரியவர், மாசத்துக்கு ஒரு தடவை வந்து தன் வீடு எப்படி இருக்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். பிராபர்ட்டி ரூம் கதவு திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இதான் எங்காத்து சமையல் உள். எங்கம்மா மூணு அடுப்பை ஏத்தி வச்சுண்டு நாப்பது பேருக்குச் சமைப்பா. ஒரு நாள் இருமினதில்லை. மேல புகைக்கூண்டு இருந்துதே, அதை யாரு அடைச்சா?"

"நாங்கதான் மாமா. திருடன் எறங்கிடுவான்னு" என்றார் ரைட்டர்.

"போலீஸ் ஸ்டேஷன்லயா?"

"இங்கதான மாமா சாமான் இருக்கு."

ஏட்டம்மா உள்ளே போய்த் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கரி படிந்த கூரையில் ஒரு சதுரம் மட்டும் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. எல்லோரும் தினம் பார்த்த இடம். கீழே பார்த்தார். கதவின் அடியில் கூடச் சந்து இல்லை, எலி வருகிறது என்று மரச்சட்டம் அடித்திருந்தார்கள்.

"மாமா, அடுப்பு எரியும்போது கதவு திறந்திருக்குமா, மூடியிருக்குமா?"

"தெறந்துதான் இருக்கும். கீழ காத்து வந்தாத்தானேம்மா மேல புகை போகும்."

இன்ஸ்பெக்டரைச் சம்மதிக்க வைக்க அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆள் இறங்காதபடி விரல் தடிமனில் கம்பி, புறா வராதபடி வலை, மழை விழாதபடி தகரக் குடை என்று ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். புகைக்கூண்டை இடித்துத் திறந்தார்கள். கதவின் அடியில் மூன்று பலகையைச் சாய்வாகச் செருகிக் காற்று வர வழி செய்து, உள்பக்கம் எலிக்காகக் கம்பிவலை அடித்தார் தச்சர். லாக்கப் கக்கூஸ் குழாய் கசிந்து ஊறிக்கொண்டிருந்த பக்கத்துச் சுவரைக் கொத்திப் பூசினார்கள். பிறகு சுண்ணாம்பு.

சுண்ணாம்பு அடித்துக் காய்கிற வரை சாமானை எங்கே வைப்பது? பூட்டு இருந்த ஒரே இடம் லாக்கப். அங்கே இருந்த ஒரு பிக்பாக்கெட்காரனைக் கூடத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அரிவாளையும் குடத்தையும் உள்ளே அடுக்கினார்கள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், குத்துன கத்திய உள்ள வச்சுட்டு ஒண்ணும் பண்ணாத என்னை வெளிய வச்சுக்கீறீங்க?"

"கத்தி எங்கயும் எஸ்கேப் ஆவாதுடா, நீதான் ஆவ. சும்மா உக்காரு" என்றார் ரைட்டர். ஏட்டம்மாகூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எல்லாவற்றையும் திரும்ப அடுக்கின அன்று சாயங்காலம், கடல் காற்று வருகிற நேரம். ஏட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றார். நானும் உள்ளே இருந்தேன், என் பெயர் டைரியில் இருந்தது. காலடியில் முதலில் ஜில்லென்று ஏதோ பட்டது. பிறகு கீழ்த்தட்டில் இருந்த ஒரு குடத்தின் சீட்டு லேசாகத் திரும்பியது. அடுத்து அதற்கு மேல் தட்டில் ஒன்று. அப்படியே ஒவ்வொரு தட்டாக, நூலில் தொங்கிய அத்தனை சீட்டும் சலசலவென்று ஆட ஆரம்பித்தன. மேலே கூண்டில் ஒரு ஒட்டடை மெதுவாக வெளிப்பக்கம் இழுபட்டுப் போனது. ஏட்டம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார். தூசி எழும்பினால் திரும்ப அது சாமான் மேல்தானே உட்காரும். எத்தனை வருஷம் பெருக்கியிருக்கிறேன், எனக்கு அது தோன்றியதில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. போன வருஷம் வந்த அதே அதிகாரி. ரைட்டருக்கு மட்டும் கவலை. "பழைய நாத்தமே தேவலாம்மா. பத்து நம்பரோட ஓடிப்போவாங்க. இப்ப மனுஷன் உள்ள உக்காந்துட்டா மொத்தத்தையும் படிக்கணும்."

"படிக்கிறேன் ஏட்டையா" என்றார் ஏட்டம்மா.

அதிகாரி பழக்கத்தில் கைக்குட்டையோடுதான் வாசலில் நின்றார். ஒரு தடவை முகர்ந்தார். கைக்குட்டையை இறக்கினார். உள்ளே தலையை விட்டு மேலேயும் கீழேயும் பார்த்தார். "ஒரு சேர் போடுப்பா" என்றார். ரைட்டர் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் நடையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தேன். துடைக்கவில்லை. அவர் குரல் வந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று நான் விரல் விட்டேன். ஏழு தாண்டியது. எட்டு தாண்டியது. இருபதில் ஒரு தடவை குரல் தடைப்பட்டது. அதிகாரி, "என்னம்மா?" என்றார். "தாள் ஒட்டியிருக்குங்கய்யா" என்று பிரித்துவிட்டு மேலே படித்தார். விரலும் முடிந்துபோய் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஏதோ ஒரு நம்பரில் சாமான் அதன் இடத்தில் இல்லை. ஒரு கைக்கடிகாரம். வெள்ளையடித்தபோது இடம் மாறியிருக்க வேண்டும். "இருங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஏட்டம்மா தரையில் மண்டியிட்டு, அடித்தட்டுக்குக் கீழே தலையைவிட்டுத் தேடினார். கதவிடுக்கில் அவர் பூட்ஸ் மட்டும் எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் குனிந்தால் அவர் எழுந்து நிற்கப் பத்து நிமிஷம் ஆகும். நெடுநேரம் அந்தப் பூட்ஸ் அசையவில்லை. பிறகு எழுந்து, கடிகாரத்தின் சீட்டைத் தூக்கிக் காட்டி, விட்ட இடத்திலிருந்து அதே குரலில் படித்தார்.

பாதியில் அதிகாரிதான் சோர்ந்துபோனார். "ஒரு டீ குடிச்சுட்டுப் பாக்கலாம்மா."

"நீங்க குடிங்கய்யா. நான் நிக்கிறேன்."

டீ வந்தது, போயிற்று. கடைசி நம்பர் வரை டிக் விழுந்தது. அதிகாரி வெளியே வந்து புத்தகத்தில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"போன வருஷம் உங்கிட்ட ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"அதை எழுதல. மத்த ஸ்டேஷன்காரங்கள இங்க அனுப்புறேன், வந்து பாக்கட்டும். நீதான் காட்டணும். அதனால நீ இங்கயே இரு."

ஜீப் போனதும் ரைட்டர் லட்டு வாங்க ஆள் அனுப்பினார். ஏட்டம்மா அதற்கு நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மணி இரண்டேகால். பிராபர்ட்டி ரூமைப் பூட்டி, காகிதம் ஒட்டி, கையெழுத்துப் போட்டார்.

"அவரு பசியோட இருப்பாருக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். தெரு முனை திரும்பும் வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். எந்த இடத்திலும் அவர் மூச்சு வாங்க நிற்கவில்லை.